நெருக்கடி நாள்களில் சிறு பிள்ளையோடு மரத்தடிக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போயிருக்கலாம், வீட்டுப் பெரியவர் ஒருவர் மருத்துவமனையில் இருக்கலாம், இரண்டாவது பிள்ளை பிறந்து இரவுத் தூக்கமே இல்லாமல் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும், இரண்டு வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படியொரு காலத்தைக் கடக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. பாலர் பள்ளியில் தமிழ் கற்பிப்பவள் என்பதால், பிள்ளையை அழைத்துச் செல்ல வரும் பெற்றோர் வாசலில் நின்று என்னிடம் கேட்கும் கேள்விகளே இவற்றில் பெரும்பாலானவை.

பூங்காவுக்குப் போய் வந்தால் கவலை தீர்ந்துவிடுமா?

தீராது. கட்ட வேண்டிய வீட்டுக் கடனும் மருத்துவரின் அறிக்கையும் திரும்பி வரும்போது அப்படியேதான் இருக்கும். மாறக்கூடியது அவற்றைத் தாங்கிக்கொள்ளும் உடலும் மனமும் மட்டுமே.

அதற்கு ஓரளவு சான்று உண்டு. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். வீரியமிக்க வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. உளவியல் ஆய்வாளர்களான ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் இணையர் இதற்குத் தந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப்படுகிறது. கணக்குப் பார்ப்பது, படிவம் நிரப்புவது, அடுத்து என்ன ஆகுமோ என்று யோசிப்பது எல்லாம் வலிந்து செலுத்தும் கவனத்தைத் தின்றுவிடுகின்றன. அசையும் இலையும் ஓடும் நீரும் நம் கவனத்தைக் கேட்காமலேயே மெல்ல இழுத்துக்கொள்வதால், களைத்துப்போன அந்தக் கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது என்பது அவர்கள் கருத்து.

2019இல் வெளியான மற்றோர் ஆய்வு இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களை ஆராய்ந்தது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அந்த 120 நிமிடத்தை ஒரே முறையில் கழித்தாலும் பல முறையாகப் பிரித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இதற்குப் பொருள் கொள்ள இடமிருக்கிறது. எனவே அந்த எண்ணை ஓர் இலக்காக வைத்துக்கொண்டு, எட்டாத வாரத்தில் அதற்காகவும் வருந்த வேண்டாம்.

கவலை எனக்குத்தானே? பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது?

விவரம் தெரியாது, வீட்டின் கனம் தெரியும். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதையும், கதவு சாத்தப்படுவதையும், அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்ப்பதையும் மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுவிடாமல் கவனிக்கிறது. அதைச் சொல்ல வார்த்தை இல்லாததால் வேறு வழிகளில் காட்டுகிறது: நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கும், பள்ளி வாசலில் காலைக் கட்டிக்கொள்ளும், சட்டையின் கழுத்துப் பட்டி குத்துகிறது என்று அரை மணி நேரம் அழும். சேட்டை என்று நாம் பெயர் வைப்பதில் பாதி இதுதான்.

இந்த வயதில் பிள்ளை தானாக அமைதியாவதில்லை. அருகில் இருக்கும் பெரியவரின் மூச்சு, குரல், தொடுகை ஆகியவற்றிலிருந்துதான் அது அமைதியை வாங்கிக்கொள்கிறது. ஆகவே உங்களுக்கு ஓய்வு, பிள்ளைக்கு விளையாட்டு என்று இதை இரண்டு வேலைகளாகப் பிரிக்கத் தேவையில்லை.

வேலை, மருத்துவமனை, சமையல் என்று ஓடுகிறேன். இதற்கு நேரம் எங்கே?

நேரம் இல்லை என்று சொல்பவர்களில் பலர், இயற்கை என்றவுடன் சனிக்கிழமை, தள்ளுவண்டி, தண்ணீர்ப் போத்தல், மாற்றுத் துணி, எம்ஆர்டி என்று ஒரு முழு நாள் பயணத்தைக் கற்பனை செய்துவிடுகிறார்கள். மனம் களைத்திருக்கும் காலத்தில் அப்படிப்பட்ட பயணம் இன்னொரு சுமை. நான் பரிந்துரைப்பது, பாலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் மின்தூக்கிக்குள் நுழைவதற்கு முன் கிடைக்கும் 15, 20 நிமிடங்களை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளின் கீழே என்ன இயற்கை இருக்கிறது என்று கேட்பவர்கள், பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து ஒருமுறை பார்க்கலாம். கீழ்த்தளத்தின் ஓரத்தில் கரப்பான்பூச்சியின் இறகு ஒன்றை எறும்புகள் பாய்மரத்தைப்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போகும். புல்வெளி வெட்டப்படாத வாரத்தில் தொட்டாச்சிணுங்கி தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். ஒரு விரல் பட்டதும் இலைகள் அடுத்தடுத்து மடங்கிக்கொள்வதையும், பொறுமையாக உட்கார்ந்திருந்தால் சில நிமிடங்களில் மீண்டும் விரிவதையும் பிள்ளை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கும். அந்தக் காத்திருப்பில் பெரியவரின் தோள்கள் தாமாகவே தளர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்துக்கு அருகில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரமும் அப்படித்தான். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து 1876இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரத்தின் இலைகள் மாலையிலும், மழைக்கு முன் வானம் இருட்டும்போதும் மடங்கிக்கொள்கின்றன. மாலை ஏழு மணியளவில் சூரியன் மறையும் நம் ஊரில், பணி முடிந்து பிள்ளையை அழைத்து வரும் பெற்றோருக்கு அந்த மரம் “தூங்கப்போகும்” நேரம் சரியாக வாய்க்கிறது.

விடுமுறை நாளில் சற்றுத் தொலைவு போகலாம் என்றால் எந்த இடம் ஏற்றது?

பிள்ளையின் வயதைவிட உங்கள் நிலையைப் பொறுத்தே நான் இடம் சொல்வேன்.

ஒன்றுமே திட்டமிட முடியாத அளவுக்குச் சோர்ந்திருப்பவர்களுக்குச் சிங்கப்பூர்ப் பூமலை என்னும் தாவரவியல் தோட்டம். 1859இல் தொடங்கப்பட்டு 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான இத்தோட்டம் காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. ஆர்க்கிட் தோட்டத்தைத் தவிர மற்ற பகுதிகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கேயுள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்குள் பிள்ளையோடு வரும் பெரியவர்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், சிறு பிள்ளைகளுக்கு ஏற்ற பாதுகாப்பான சூழல் இருக்கும். திங்கள்கிழமைகளில் அது மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வெள்ளி நோட்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் பின்புறத்தில் உள்ள தெம்புசு மரம் பூமலையின் புல்வெளி ஒன்றிலேயே நிற்கிறது. தாழ்வாக நீண்டு செல்லும் அந்தக் கிளையை நோட்டிலும் மரத்திலும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடுவது ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரிய துப்பறியும் வேலை.

ஓடும் நீரைப் பார்த்தால் மனம் லேசாகும் என்பவர்கள் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குப் போகலாம். அங்கே 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றுப் பகுதியை, 2012இல் 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நெளியும் இயற்கை ஆறாக மாற்றிவிட்டார்கள். கரையில் உட்கார்ந்தால் கொக்கு வரும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் வரும். மழை பெய்யும்போது அங்கே நீர்மட்டம் விரைவாக உயரும் என்பதால், எச்சரிக்கை ஒலி கேட்டவுடன் கரையிலிருந்து மேலே வந்துவிட வேண்டும்.

பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலப் பகுதியில் பலகை நடைபாதை இருக்கிறது. அலை வற்றிய நேரத்தில் சேற்றின்மேல் தத்தித் திரியும் மீன்களையும், ஒற்றைக் கொடுக்கை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்டும் நண்டுகளையும் கைப்பிடிக் கம்பியின் இடைவெளி வழியாகவே பார்த்துவிடலாம். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் இதைவிட அதிகம் பார்க்கலாம்; செப்டம்பர் முதல் மார்ச் வரை சைபீரியா வரையுள்ள வட பகுதிகளிலிருந்து பறவைகள் வந்து தங்குகின்றன. ஆனால் அங்கே முதலைகள் உண்டு. பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய இடம் என்பதால், மிகவும் களைத்திருக்கும் நாளுக்கு அது ஏற்றதல்ல.

மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பகுதியில் உள்ள மரமுடித் தொங்குபாலத்தைப் பலர் கேட்கிறார்கள். பாலம் 250 மீட்டர்தான், அதை அடைய நடக்க வேண்டிய தொலைவு அதிகம். நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பும் பெற்றோரை அங்கே எப்போதும் பார்க்கலாம். பிறகு போகலாம், அது ஓடிவிடாது.

போன இடத்தில் என்ன செய்வது? பிள்ளைக்கு எதையாவது கற்பிக்க வேண்டாமா?

வேண்டாம். ஒரு தமிழாசிரியை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். ஒவ்வோர் இலையையும் காட்டி நிறம் கேட்பதும், பறவையின் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்வதும் நடையை வகுப்பறையாக்கிவிடும். நெருக்கடிக் காலத்தில் பிள்ளைக்குத் தேவை, சரியான விடை என்று ஒன்று இல்லாத ஒரு மணி நேரம்.

பிள்ளை நிற்கும் இடத்தில் நில்லுங்கள். அது குந்தினால் நீங்களும் குந்துங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து மீட்டர்தான் நகர்ந்தீர்கள் என்றாலும் அதுதான் நல்ல நடை. வேண்டுமானால் நீங்கள் பார்ப்பதைச் சத்தமில்லாமல் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்: “இந்தப் பக்கம் பாசி மெத்துன்னு இருக்கு.” அதற்குமேல் பிள்ளை கேட்டால் பேசுங்கள்.

கைக்கு வேலை இருந்தால் சில பிள்ளைகள் விரைவில் அமைதியாவார்கள். கீழே உதிர்ந்து கிடக்கும் வேங்கையின் மஞ்சள் பூக்களைக் குவிப்பது, வாதாம் மரத்தின் சிவந்த சருகுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குவது, குச்சியால் ஈரமண்ணில் கோடு கிழிப்பது ஆகியவை போதும். உதிர்ந்தவற்றை வைத்து அங்கேயே விளையாடிவிட்டு, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். மரத்திலிருந்து பறிப்பது கூடாது. இயற்கைக் காப்பகங்களிலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்து வரவும் கூடாது.

கைப்பேசியைப் பற்றி ஒரே வார்த்தை: பைக்குள். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரலாம் என்றால் மணியொலியை உரக்க வைத்துப் பைக்குள் போடுங்கள். படம் ஒன்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அதை உடனே குடும்பக் குழுவில் அனுப்பி, யார் என்ன சொன்னார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் நடை அத்தோடு முடிந்தது.

அங்கேயும் அழுது அடம்பிடித்தால்?

பிடிக்கட்டும். வீட்டில் அழ இடமில்லாமல் அடக்கிவைத்திருந்த பிள்ளை திறந்தவெளிக்கு வந்ததும் அழுவது புதிதல்ல. நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, அழுது முடியும் வரை பக்கத்தில் இருங்கள். பசியும் தூக்கமும்தான் பெரும்பாலும் காரணம்; அப்படியென்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவதே அறிவு.

நடக்கும்போது, “பாட்டி செத்துப் போயிடுவாங்களா?” என்று பிள்ளை கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

இந்தக் கேள்வி வீட்டுச் சோபாவில் வராது, நடைபாதையில்தான் வரும். முகத்துக்கு முகம் பார்க்காமல், இருவரும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டு நடக்கும்போது பிள்ளைகளுக்குப் பெரிய கேள்விகளைக் கேட்பது எளிதாக இருக்கிறது. செத்துக் கிடக்கும் மைனாவையோ, மழைக்குப் பின் பாதையில் நசுங்கிக் கிடக்கும் நத்தையையோ பார்த்த மறுகணம் இக்கேள்வி வரக்கூடும்.

அவசரமாக வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிள்ளை பார்க்க விரும்பினால் தொடாமல் சற்று நேரம் பார்க்கட்டும். “இனிமே அது பறக்காது, அதுக்கு வலிக்காது” என்று உள்ளதைச் சொல்லலாம். “தூங்குது” என்று சொல்ல வேண்டாம். அன்றிரவு தூங்கப் பயப்படும் பிள்ளைகளை நான் அறிவேன். பாட்டியைப் பற்றியும் அதே நேர்மையோடு, பிள்ளை தாங்கும் அளவுக்குச் சொல்லுங்கள்: “பாட்டிக்கு உடம்பு ரொம்ப முடியலை. டாக்டருங்க நல்லாப் பாத்துக்கிறாங்க. எனக்கும் கவலையாத்தான் இருக்கு.” நடக்கும் என்று உறுதியாகத் தெரியாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வது நல்லது. தான் சண்டை போட்டதால்தான் பாட்டிக்கு நோய் வந்தது, தான் அழுததால்தான் அப்பா வேலைக்குப் போகவில்லை என்று இந்த வயதுப் பிள்ளைகள் தாமாகவே முடிவுகட்டிக்கொள்வதுண்டு. கேட்காவிட்டாலும், “இது உன்னால வந்தது இல்லைடா கண்ணு” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வெயில், மழை, புகைமூட்டம் என்று ஏதாவது ஒன்று தடுக்கிறதே?

காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரையிலும், மாலை ஐந்தரைக்குப் பிறகும் போனால் வெயிலைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். தூறல் தடையே அல்ல. குடையும் காலணியும் இருந்தால் தூறலில் நடப்பதைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள். இடி வேறு. பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை கடுமையாக இருக்கும். இடி கேட்டவுடன் மரத்தடியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். புறப்படுமுன் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் செயலியில் வானிலையைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

புகைமூட்ட நாள்களில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால், சிறு பிள்ளையை நீண்ட நேரம் வெளியே ஓடியாட விட வேண்டாம். 200ஐத் தாண்டினால் வீட்டிலேயே இருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இந்த அளவுகளுக்கு முன்பே எச்சரிக்கை தேவை.

வெளியே போகவே முடியாத நாளில் நடைவழிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம், வெந்தயத்தை ஈரத் துணியில் முளைக்கட்டலாம், நிலா தெரியும் இரவில் நடைவழியில் பாய் விரித்து நிலாச்சோறு ஊட்டலாம். விடியுமுன் கூவி அக்கம்பக்கத்தார் எல்லாரையும் எழுப்பிவிடும் குயிலைக்கூட, தூக்கம் வராத பெரியவரும் சீக்கிரம் விழித்துக்கொண்ட பிள்ளையும் சேர்ந்து சன்னலில் தேடலாம். அது எவ்வளவு சத்தம் போட்டாலும் கண்ணில் படுவது அரிது என்பதால் தேடல் நீளும்.

கொசு, குரங்கு, பாம்பு?

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. விடிந்த பிறகும் அந்திக்கு முன்னும் அதிகம் கடிக்கும். நீளக்கை உடை போடுங்கள். வயதுக்கு ஏற்ற கொசுவிரட்டியை அதன் மேலுறையில் சொன்னபடி தடவுங்கள்.

குரங்குகள் உள்ள இடங்களில் நெகிழிப்பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அவற்றுக்கு அது உணவு என்று பொருள். உணவை மூடிய முதுகுப்பையில் வையுங்கள். எதிரே வந்தால் கண்ணுக்குக் கண் பார்க்காமல், ஓடாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக விலகுங்கள். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. நீர்நாயிடமும் உடும்பிடமும் பல அடி விலகி நின்று பாருங்கள். குட்டிகளோடு இருக்கும் நீர்நாய் படம் எடுப்பதற்கு வாகாக நிற்பதாகத் தோன்றினாலும் நெருங்க வேண்டாம். பாம்பைக் கண்டால் அது போகும் வரை காத்திருந்தால் போதும். பெரிய நத்தைகளைத் தொட வேண்டாம், தொட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வெயிலில் கறுத்துவிடும், மண்ணில் விளையாடினால் கிருமி என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள்.

கிருமிக்குச் சோப்பு இருக்கிறது. கறுப்பதைப் பற்றிய பேச்சைப் பிள்ளையின் காது கேட்க நடத்த வேண்டாம் என்பதைப் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடலாம். வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது என்பதையும், நம் ஊரில் கிட்டப்பார்வை எவ்வளவு அதிகம் என்பதையும் எடுத்துச் சொன்னால் பல தாத்தாக்கள் தொப்பியைத் தேடி எடுத்துத் தருவார்கள். அதைவிட நல்ல வழி, அவர்களையே உடன் அழைத்துச் செல்வது. அக்கம்பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் முன் நிற்கும்போது எதிர்ப்பு அடங்கிவிடும். பிறகு பேரப்பிள்ளையை அழைத்துக்கொண்டு அவர்களே புறப்படுவார்கள். உங்களுக்கு அரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். அதையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் மனம் தேறவில்லை என்றால்?

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போதும் அழுகை நிற்கவில்லை, இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, பிள்ளையின் குரல் கேட்டாலே எரிச்சல் மிஞ்சிப் போகிறது, கை ஓங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றால், நடையை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பலதுறை மருந்தகத்திலேயே தொடங்கலாம். குழந்தை பெற்று ஓராண்டு ஆகாத தாய்மார்கள் இதைப் “பிரசவச் சோர்வு” என்று தள்ளிப்போடவே கூடாது.

பேச ஆள் வேண்டும் என்றால் தேசிய மனநல உதவி எண் 1771ஐ எந்நேரமும் அழைக்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். உடனடி ஆபத்து என்றால் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995. பணநெருக்கடி, குடும்பச் சிக்கல் ஆகியவற்றுக்கு உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தையோ, இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவையோ அணுகலாம். நேரில் போகும் நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால், முன்பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி, உடன் அழைத்து வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.